தட்டைத் தனியாக்கினால் காசநோய் நிற்குமா?

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். தோட்டத்து லயத்தை விட்டு நகரத்துத் தாமான் வீட்டுக்குக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். கூடவே 67 வயது மாமனார். அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர், பின்னாளில் செம்பனைக் குலை வெட்டியவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உண்டு. இருமல் நிற்காமல் உடம்பும் இளைத்துப்போகவே, அரசாங்க கிளினிக்கில் சளியைச் சோதித்திருக்கிறார்கள். நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது.

அன்று முதல் மாமனாருக்கு மூன்று வேளையும் பாலிஸ்டிரீன் பெட்டியிலோ காகிதத் தட்டிலோதான் சாப்பாடு. தே ஓ குடிக்கப் பிளாஸ்டிக் கப். கரண்டியும் பிளாஸ்டிக். சாப்பிட்டு முடித்த எல்லாவற்றையும் பையில் கட்டிப் பின்பக்கம் சேர்த்துவைத்து, சனிக்கிழமைகளில் எரிக்கிறார். குப்பைத் தொட்டியில் போட்டால் கிருமி பரவிவிடும் என்ற பயம். மாமனாரின் அறைக் கதவையும் ஜன்னலையும் எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார். தட்டு, கப் வாங்கவே மாதம் 120 வெள்ளி போகிறதாம்.

“பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டுத்தான் செய்தேன் டாக்டர். பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. ஆனால் மாமா இப்போது பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிடுகிறார். ‘எனக்கும் எவர்சில்வர் தட்டுல போடேம்மா’ என்று ஒரு தடவை கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் நாத்தனார் வந்து, அப்பாவை வேண்டாதவர் மாதிரி நடத்துறீங்க, இந்தப் பெட்டியில சுடச்சுடப் போட்டா புற்றுநோய் வரும் என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார்” என்று எழுதுகிறார். எத்தனை மாதம் இப்படியே தொடர வேண்டும், பாலிஸ்டிரீன் நல்லதா காகிதம் நல்லதா, பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, நாத்தனார் சொல்வது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் வீட்டார் எல்லோரையும் சோதனைக்கு வரச் சொன்னார்கள், அன்று சின்னவனுக்குக் காய்ச்சல் என்பதால் அவனை மட்டும் கூட்டிப்போகவில்லை, பிறகு மறந்தே போய்விட்டது என்று. உங்கள் வீட்டில் இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது அதுதான். இந்த வாரமே அவனைக் கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடம்பில் காசநோய்க் கிருமி புகுந்தால் அது நோயாக மாறும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். மாறினால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரை போய்த் தாக்கவும் கூடும். பிறந்தவுடன் பிசிஜி ஊசி போட்டாகிவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். நம் நாட்டில் 1961 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஊசி போடுகிறார்கள். உங்கள் மகனின் இடது கையிலும் அந்தத் தழும்பு இருக்கும். குழந்தைகளைக் கொடிய வகைக் காசநோயிலிருந்து அது நன்றாகக் காக்கிறது. ஆனால் கிருமியே உள்ளே வராதபடி தடுக்கும் கவசம் அது இல்லை. கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கக் கிளினிக்கில் கையில் மாண்டோ ஊசி போட்டு, இரண்டு மூன்று நாளில் வீக்கத்தை அளந்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியான பிறகும், நோய் வராமல் தடுக்கச் சில மாதங்களுக்கு மருந்து கொடுக்கலாம். கொடுத்தால் மறுக்காதீர்கள். ‘நல்லா ஓடி விளையாடுற பிள்ளைக்கு எதுக்கு மருந்து’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

கிருமி எந்த வழியாக வருகிறது

காசநோய் தட்டு வழியாகவோ கப், கரண்டி வழியாகவோ பரவுவதில்லை. ஒரே குழம்பை எடுத்துப் போட்டுக்கொள்வதாலும், துணியை ஒன்றாகத் துவைப்பதாலும், அவர் உட்கார்ந்த நாற்காலியில் நீங்கள் உட்காருவதாலும் தொற்றாது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும், உரக்கப் பேசும்போதும், தும்மும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. அந்தக் காற்றை மற்றவர் பல மணி நேரம், பல நாள் சுவாசித்தால்தான் பெரும்பாலும் தொற்று ஏற்படுகிறது. சாத்திய அறையில் ஊதுபத்திப் புகை எப்படி வெகுநேரம் கலையாமல் நிற்குமோ, அப்படித்தான் இந்தத் துளிகளும் நிற்கும். ஜன்னலைத் திறந்தால் கலைந்துபோகும். வெயில் பட்டால் கிருமி சாகும்.

ஆகவே உங்கள் வீட்டில் தட்டுக்குக் கொடுத்த காவலை ஜன்னலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். மாமாவுக்கு இரவில் பனி பட்டு இருமல் கூடுகிறது என்று நல்லெண்ணத்தோடுதான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறீர்கள். அதனால் அந்த அறைக் காற்று அங்கேயே தங்கிவிட்டது. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தக் காற்றைச் சுவாசித்தது நீங்கள்தான். இன்றைக்கே திறந்துவிடுங்கள். ஜன்னலைப் பார்த்தபடி காற்றாடியைத் திருப்பி வைத்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும். காலையிலும் மாலையிலும் மாமா வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

எத்தனை மாதம் இப்படி என்று கேட்டீர்கள். தனித்தட்டு ஒரு நாள்கூடத் தேவைப்பட்டிருக்கவில்லை. அவரோடு நெருங்கி இருப்பதில் எவ்வளவு நாள் கவனம் தேவை என்பது வேறு கேள்வி. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், ஏறக்குறைய இரண்டு வாரத்திலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் மாமாவுக்கு ஆறு வாரம் முடிந்துவிட்டது. நோய் என்னவென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களில்தான் வீட்டில் ஆபத்து அதிகமாக இருந்தது. அதனால்தான் பிள்ளைகளின் சோதனையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மாத முடிவில் சளியை மறுபடி சோதிப்பார்கள். அந்த முடிவு வரும்வரை பிள்ளைகள் அவர் அறையில் தூங்க வேண்டாம். மற்றபடி ஜன்னல் திறந்த கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாமா என்பதைக் கிளினிக் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். சரி என்றே சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். தொற்று ஏற்கெனவே நடந்திருந்தால் ஊர் மாற்றுவதால் அது போகாது. சோதனையும் மருந்தும் பாதியில் தவறிப்போகும், அவ்வளவுதான்.

பாலிஸ்டிரீனா, காகிதமா?

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி சரி. பாலிஸ்டிரீன் ஏறக்குறைய 100 பாகை செல்சியசை எட்டும்போது இளகத் தொடங்கும் பொருள். கொதிக்கும் ரசத்தையும், எண்ணெய் மிதக்கும் குழம்பையும், அப்போதுதான் பொரித்த மீனையும் அதில் போட்டால் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் சிறிதளவு உணவில் கலக்கும். சூடும் கொழுப்பும் கூடக் கூட அதுவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் ஸ்டைரீனை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் சேர்த்தது. ஆனால் அந்த முடிவுக்கு மனிதரிடமிருந்து கிடைத்த ஆதாரம், தொழிற்சாலைகளில் அதைப் பெரும் அளவில் சுவாசித்த தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகள். ஆறு வாரம் பெட்டியில் சாப்பிட்டதால் மாமாவுக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. தேவையில்லாத ஒன்றைத் தினமும் உள்ளே அனுப்ப வேண்டாம் என்பதற்கு அது போதுமான காரணம்.

காகிதத் தட்டு என்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். குழம்பு ஊறாமல் நிற்பது அதனால்தான். கடையிலிருந்து சுடச்சுடக் கட்டிவரும் குழம்பையும் தே தாரிக்கையும் பிளாஸ்டிக் பையிலேயே வைத்திருக்காமல் வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். வாங்கிவந்த டப்பாவை எறிய மனம் வராமல் கழுவி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது ஓரளவு சூடு தாங்கும் பாலிபுரோப்பிலீன். 6 என்று இருந்தால் பாலிஸ்டிரீன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு அவருக்கென்று தனியாக மெலமைன் தட்டும் கிண்ணமும் வாங்கி வைத்துவிடாதீர்கள். விலை மலிவு, உடையாது என்று நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. ஆனால் சுடு சூப்பும் புளிப்பான குழம்பும் மெலமைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தைவானில் மெலமைன் கிண்ணத்தில் சுடு நூடல்ஸ் சூப் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் மெலமைன் கூடியிருந்ததை 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீண்ட காலம் இனிப்புநீர் உள்ளவருடைய சிறுநீரகத்துக்கு அந்தக் கூடுதல் சுமை எதற்கு? வீட்டில் இருக்கும் எவர்சில்வரும் பீங்கானும் போதும். சாதாரணப் பாத்திரச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும். தனிப் பஞ்சு, தனித் தொட்டி, வெந்நீர் எதுவும் தேவையில்லை.

பின்கட்டில் வாழை இருந்தால் இலை போட்டும் பரிமாறலாம். எல்லோருக்கும் இலை போட்டால் அது விருந்து. அவருக்கு மட்டும் போட்டால் அதுவும் பெட்டி மாதிரிதான் ஆகிவிடும்.

சனிக்கிழமைப் புகை

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவற்றில் இது ஒன்று. பாலிஸ்டிரீனை எரிக்கும்போது வரும் கரும்புகையில் ஸ்டைரீன், கார்பன் மோனாக்சைடு, நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்கரித் துகள்கள் எல்லாம் இருக்கின்றன. காசநோயால் புண்பட்ட நுரையீரலோடு ஒருவர் உள்ளே படுத்திருக்கிறார். வளர்கிற இரண்டு பிள்ளைகளின் நுரையீரல்களும் அதே வீட்டில் இருக்கின்றன. இல்லாத தட்டுக் கிருமியைக் கொல்லப்போய், இருக்கிற நோயாளிக்கு இருமலைக் கூட்டுகிறோம். தவிர, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் குப்பை எரிப்பது நம் நாட்டில் குற்றம். அண்டை வீட்டார் புகார் கொடுத்தால் அபராதம் கட்ட நேரிடும்.

எரிக்கும் நாள் வரை கப்புகள் வெளியில் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். டிங்கியும் சேர்ந்துகொள்ள வேண்டாம். மிச்சம் இருப்பவற்றைப் பையில் இறுகக் கட்டி நகராண்மைக் கழக லாரிக்குப் போடுங்கள். காசநோயாளி வீட்டுக் குப்பை என்று தனியாக எதுவும் கிடையாது.

எறிய வேண்டியவை இரண்டு

ஒரு முறை பயன்படுத்தி எறிய வேண்டிய பொருள் இந்த வீட்டில் உண்டா என்றால், உண்டு. முதலாவது டிஷ்யூ. இருமும்போது மாமா வாயை டிஷ்யூவால் மூடி, சளியை அதிலேயே துப்பி, பக்கத்தில் ஒரு பையில் போட்டுக் கட்டி எறிய வேண்டும். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இரண்டாவது முகக்கவசம். சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை, கிளினிக்குக்குப் போகும்போதும் வீட்டுக்குள் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதும் அவர் சாதாரண மூன்றடுக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். தட்டுக்குச் செலவழிக்கும் 120 வெள்ளியில் இவை இரண்டையும் வாங்கிவிட்டு, மீதியில் முட்டை, மீன், பருப்பு வாங்குங்கள்.

ஏனென்றால் அவர் சாப்பிடாமல் இருப்பதுதான் இப்போது மெய்யான ஆபத்து. காசநோய் உடம்பை உருக்கும் நோய். எடை ஏறுவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். அதோடு அவர் இனிப்புநீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாதிச் சோற்றை ஒதுக்கினால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், தலைசுற்றல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே இனிப்புக் கலந்த தண்ணீர் கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், சில இனிப்புநீர் மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கவும் கூடும். அதனால் ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்து மருந்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து அவருக்குத் தனி வாளி வைத்ததாக எழுதினீர்களே, அதுவும் ரிஃபாம்பிசினின் நிறம்தான். அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்பதற்கு அடையாளம். வாளியை எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களிடமிருந்து வந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கிருமி இளமையிலேயே உடம்புக்குள் வந்து பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, இனிப்புநீரால் எதிர்ப்புச் சக்தி குறைந்தபோது விழித்திருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மூன்று மடங்கு. எங்கே தொற்றியது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அதைத் தேடுவதால் பயனும் இல்லை.

மாமாவிடம் எப்படிச் சொல்வது

நீங்கள் செய்தது பிள்ளைகள் மேல் உள்ள பயத்தால். அதில் வஞ்சம் இல்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவர் பக்கம் நின்றும் பாருங்கள். நாற்பது வருடம் விடியுமுன் எழுந்து மரத்தடிக்குப் போய்க் குடும்பத்துக்குச் சோறு போட்ட மனிதர். இப்போது தான் தொட்டதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை எரிக்கப்படுவதை அறை ஜன்னலின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பசி எப்படி எடுக்கும்? ஆறு மாதமாவது தினமும் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர் அவர். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு பெரும்பாலும் இரண்டு மருந்து. வாழ்க்கை வெறுத்துப்போனால் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அப்போது மறுபடியும் வீடு முழுக்க ஆபத்து.

இதை உங்கள் கணவர்தான் அவரிடம் பேச வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கடிதம் முழுவதும் அவர் வாயே திறக்கவில்லை. அப்பாவின் பாசம், மனைவியின் பயம், தங்கையின் கோபம் மூன்றுக்கும் நடுவில் அவர் ஒதுங்கி நிற்க, பழி முழுவதும் உங்கள் மேல் விழுந்திருக்கிறது. அவர் அப்பாவிடம் போய், “தெரியாம செஞ்சிட்டோம்பா, தட்டுல பரவாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு” என்று சொல்லட்டும். அன்றைக்கே நீங்கள் அந்த எவர்சில்வர் தட்டை எடுத்துப் பரிமாறுங்கள். நாத்தனாரையும் கூப்பிட்டு, கிளினிக் நாளில் அப்பாவைக் கூட்டிப்போகும் பொறுப்பை முறைவைத்துப் பங்கு கேளுங்கள். ஷிப்ட் வேலைக்காரக் கணவரையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க முடியாது.

அக்கம்பக்கத்தாருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி மருத்துவர் காசநோயைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். தெருவுக்கு அறிவிக்கச் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்பதை மாமாவே முடிவு செய்யட்டும்.

இனி நீங்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியவை வேறு. கண் மஞ்சளாவது, அடங்காத வாந்தி, பார்வை மங்குவது அல்லது சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது, கை கால் மரத்துப்போவது, சளியில் ரத்தம். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். உங்களுக்கோ கணவருக்கோ மகளுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலும், முன்பு எடுத்த சோதனை நன்றாக இருந்தது என்று விட்டுவிடாமல் மறுபடி காட்டுங்கள்.

சின்னவனின் சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.